தொடாமல் உட்கார ஒரு பின்சீட்டு

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் சாக்கும் கயிறும் தார்ப்பாயும் விற்கிற அப்துல் ரவூப், தன் ஐம்பத்தேழாவது வயதில் ஒரு க்ரூஸர் பைக் வாங்கினார். அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் கியர் இல்லாத மொபெட். முன்னால் ஒரு சாக்குக் கட்டு, பின்னால் ஒரு சாக்குக் கட்டு, நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து அவர் போவதைத்தான் ஊர் முப்பது வருஷமாகப் பார்த்திருந்தது. அந்த மனிதர் தாழ்ந்த சீட்டில் சாய்ந்து, கால்களை முன்னால் நீட்டி, கறுப்பு நிறத்தில் கனமான ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை, இவருக்கு இப்போதுதான் இளமை திரும்புகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்தவன்தான்.

என் பெயர் எட்வர்ட். மின்வாரியத்தில் ஃபோர்மேன். என்னிடமும் அதே வகை வண்டி இருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர் ஒன்று வாங்கினார், எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் வாங்கினேன். என் கதை அவ்வளவுதான். எங்களைப் போல ஏழெட்டுப் பேர் ஊரில் உண்டு. ஒருவருக்கு மகன் வாங்கித் தந்தது, இன்னொருவர் ரிட்டையர் ஆன மறுநாளே போய் எடுத்தது. யாரைக் கேட்டாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். ரவூப் பாய் மட்டும் சொல்லவில்லை. அவர் ஏன் வாங்கினார் என்பது எனக்கு முழுதாகத் தெரியவர முக்கால் வருஷத்துக்கு மேல் ஆனது.

அவர் மனைவி பெயர் பௌசியா. எட்டயபுரத்துப் பெண். இருபது வயதில் கல்யாணமாகி வந்தவர். கடைக்குப் பின்னால் இருக்கும் தெருவில்தான் வீடு. மத்தியானம் ரவூப் சாப்பிடப் போகும் நேரத்தில் பௌசியா கடையில் வந்து உட்காருவார். இடைசெவல்காரர், எட்டயபுரத்துக்காரர் என்று வருகிறவர்களைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார். மக்காச்சோளம் அறுப்புக்கு யாருக்கு எத்தனை சாக்கு வேண்டியிருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ரவூப் அதிகம் பேசாத மனிதர். வருவார், சாப்பிடுவார், போவார். அவருக்கும் சேர்த்துப் பேசியது பௌசியாதான்.

ஐம்பத்தொரு வயதில், ஒரு நோன்பு மாதத்தில், கஞ்சிக்கு அரிசி போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமலே அரைமணி நேரம் கிண்டிக்கொண்டிருந்தார் பௌசியா. அன்றைக்குச் சிரித்து விட்டுவிட்டார்கள். பிறகு கடையிலிருந்து வீட்டுக்குப் போக வழி தெரியாமல் தெருமுனையில் நின்றார். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, மூளை சுருங்குகிற வியாதி, மருந்து கொடுத்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும், நிற்காது என்றார் டாக்டர்.

பௌசியாவின் ஞாபகம் கடைசியிலிருந்து முன்னால் அழிந்துகொண்டு போனது. முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர் போனது. பிறகு மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் ஜன்னதுல் பிர்தௌஸின் கல்யாணம் போனது. அப்புறம் மகளே போனாள். மிச்சமிருந்தது பௌசியாவுக்குக் கல்யாணமான முதல் வருஷம். அந்த வருஷத்தில் அவருக்கு மெலிந்த உடம்பும் கறுத்த மீசையுமாக இருபத்திரண்டு வயதில் ஒரு புருஷன் இருந்தான்.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்துவிட்டு, எதையோ மறந்துவிட்டதால் ரவூப் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பௌசியா அவரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றார்.

“யாரு வேணும்? வீட்டுல அவிய இல்லையே. கடைக்குப் போயிருக்காவ.”

ரவூப் வெளியே வந்து தெருவில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருக்கே தெரியாது.

பகலில் பௌசியாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் இருந்தாள். பகல் எப்படியோ போய்விடும். நாலு மணி ஆனால் தாங்காது. ஒரு துணிப்பையில் சேலையும் சீப்பும் எடுத்து வைத்துக்கொண்டு, எட்டயபுரத்துக்குப் போக வேண்டும், உம்மா தேடுவாள் என்று பௌசியா வாசலுக்கு வந்துவிடுவார். அந்த உம்மா இறந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. கதவைப் பூட்டினால் கதவில் தலையை முட்டினார். பூட்டாவிட்டால் நடந்து போய்விட்டார். ஒருமுறை ரயில் நிலையத்தில் பிடித்து அழைத்து வந்தார்கள்.

அப்போதுதான் ரவூப் அந்தப் பொய்யைச் சொன்னார். வாசலுக்கு வெளியே நின்று, தான் கடையில் வேலை பார்க்கிற ஆள் என்றும், ரவூப்தான் அனுப்பினார் என்றும், பௌசியாவை எட்டயபுரத்தில் கொண்டுவிடச் சொன்னார் என்றும் சொன்னார். பௌசியா அவருடைய வெள்ளைத் தாடியை ஒரு கணம் பார்த்தார். வயதானவர், நம்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“சரி அண்ணாச்சி” என்றார்.

மொபெட்டில் ஏற்றிக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் போனார் ரவூப். காற்று முகத்தில் பட்டதும் பௌசியா அடங்கிவிட்டார். இரண்டு பக்கமும் பருத்தியும் உளுந்துமாகக் காடு கிடந்தது. பாதி வழி போவதற்குள் எங்கே போகிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. வண்டியைத் திருப்பியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது உம்மா வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தார், வரும்போது புருஷன் வீட்டுக்கு வருகிற மாதிரி இருந்தார். அன்று ராத்திரி அழாமல் தூங்கினார்.

ஆனால் அந்நிய ஆம்பளை மேல் கை படக்கூடாதே. பௌசியா மொபெட்டில் பின்னால் நகர்ந்து நகர்ந்து, கேரியரின் விளிம்பில் உட்கார்ந்தார். ரவூப்பைப் பிடிக்கவே மாட்டார். நடுவில் அந்தத் துணிப்பையை வைத்துக்கொண்டார். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுவிட்டு ஆட்டோவில் கூட்டிப் போனால் ஓடுகிற ஆட்டோவிலிருந்து இறங்கப் பார்த்தார். மருமகன் கார் கொண்டுவந்தார். கதவைச் சாத்தியதும் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தார் பௌசியா, கட்டுப்போட்ட கையாலும்.

இதற்குப் பிறகுதான் ரவூப் ஷோரூமுக்குப் போனார். அங்கே விற்பனையில் இருந்த பெண் பெயர் ஜீனா. நடந்ததை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். ரவூப் மைலேஜ் கேட்கவில்லை, கலர் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியின் பின்சீட்டையும் சாணால் அளந்துகொண்டே வந்திருக்கிறார். என்ன பார்க்கிறீர்கள் என்று இவள் கேட்டதற்கு, பின்னால் உட்காருகிறவர் முன்னால் இருக்கிறவரைத் தொடாமல் உட்கார முடிகிற வண்டி வேண்டும் என்றிருக்கிறார். ஜீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வருகிறவர்கள் எல்லாம் நெருங்கி உட்கார முடியுமா என்றுதான் பார்ப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள்.

“அவியளுக்கு என்னைத் தெரியாதும்மா” என்றாராம் ரவூப். “தெரியாத ஆம்பளை மேல கை பட்டா சங்கடப்படுவாவ.”

“யாருக்கு சார்?”

“எம் பொஞ்சாதிக்கு.”

ஜீனா அப்புறம் சிரிக்கவில்லை. ரவூப்பை முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு வண்டியிலும் தானே பின்னால் ஏறிப் பார்த்தாள். மற்ற வண்டிகளில் எல்லாம் அவள் முன்னால் சறுக்கி வந்தாள். இந்தக் க்ரூஸரில்தான் பின்சீட்டு தனியாக, ஒரு படி உயரத்தில், குழிவாக இருந்தது. சேலை கட்டியவர்கள் ஏறுகிற அளவுக்குத் தாழ்வாகவும் இருந்தது. கம்பெனி தருகிற சாய்மானம் பின்பக்கம் மட்டும்தான் வரும். பக்கவாட்டில் உட்காருகிற பெண்களுக்கு முதுகு வலப்பக்கமாக அல்லவா இருக்கும் என்று ஜீனாவே யோசித்து, தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லி, வலப்பக்கமும் வளைந்து வருகிற மாதிரி கம்பி அடித்துக் கொடுத்தாள். இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் வைத்தாள்.

வண்டி வந்தது, ஓட்டத் தெரியவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மைதானத்தில் காலையில் ஓட்டிப் பழகினார். நான் டியூட்டிக்குப் போகிற வழி அது. ஒருநாள் வண்டி சாய்ந்து கிடக்க, தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போய்த் தூக்கிவிட்டேன். அதிலிருந்து தினமும் பத்து நிமிஷம் நின்று கியர் மாற்றச் சொல்லிக்கொடுப்பேன். எல்லோரும் எவ்வளவு வேகம் போகும் என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்டது ஒன்றே ஒன்று. வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் பின்னால் இருக்கிறவருக்கு உதறல் தெரியாமல் செய்ய முடியுமா?

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிப் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிக்கொள்வார். மைதானத்தைச் சுற்றிவிட்டு இறங்கிப் போய்க் குடத்தைப் பார்ப்பார். முதல் வாரம் சட்டையின் முதுகெல்லாம் நனைந்திருக்கும். ஒரு மாதம் ஆனது, ஒரு சொட்டு சிந்தாமல் வந்து நிற்பதற்கு. ஏன் பாய் இந்த வேலை என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு மழை இல்லாத எல்லா நாளும் மாலையில் அவர்கள் போனார்கள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தன் வீட்டு வாசலில் போய் நின்று, கடையிலிருந்து வந்திருக்கிறேன் என்று குரல் கொடுப்பார். பௌசியா பையோடு வருவார். வெயிலுகந்தம்மாள்தான் பெல்ட் மாட்டிவிடுவாள். வண்டிக்காரர் தொடக்கூடாது. நாற்பதுக்கு மேல் போகாமல் எட்டயபுரம் எல்லை வரைக்கும் போய், அந்தி மஃரிப் தொழுகைக்குள் திரும்பிவிடுவார்கள்.

அந்த வண்டியின் சாய்மானம் நன்றாக அமைந்ததாலோ என்னவோ, பௌசியா பேச ஆரம்பித்தார். தன் புருஷனைப் பற்றித்தான் பேச்சு.

“அவிய ரொம்பப் பேச மாட்டாவ அண்ணாச்சி. வருவாவ, சாப்பிடுவாவ, போவாவ. என்னைப் பிடிச்சுத்தான் கட்டுனாவளா, வீட்டுல சொன்னதுக்காகக் கட்டுனாவளான்னு எனக்குத் தெரியலை. கேக்கவும் வெக்கமா இருக்கு.”

ரவூப்புக்கு ரோடு மறைந்துவிட்டது. ஒரு புளியமரத்துப் பக்கம் ஓரமாக நிறுத்தி, சங்கிலியைப் பார்ப்பது போலக் கீழே குனிந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி ஏறினார்.

“பிடிக்கும்மா” என்றார். “கடையில உங்களைப் பத்தித்தான் பேசுவாரு.”

“என்ன பேசுவாவ?”

அன்றிலிருந்து தினம் ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. முதல் பெருநாளுக்குப் பௌசியா கட்டியிருந்த மாம்பழக் கலர் சேலையைப் பற்றி ரவூப் சொன்னார் என்றார். மாவு பிசையும்போது அவர் தனக்குள் ஏதோ முணுமுணுப்பதைக் கேட்பதற்காகவே ரவூப் அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போவார் என்றார். பௌசியா கேட்டுக்கொண்டே வருவார். சில நாள் சிரிப்பார். மறுநாள் எல்லாம் மறந்திருக்கும், மறுபடியும் முதலிலிருந்து கேட்பார், என்னைப் பிடிச்சுத்தான் கட்டுனாவளா என்று.

“முப்பத்தஞ்சு வருசமா சொல்லாததை எல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டுச் சொன்னேன் எட்வர்ட் சார்” என்று ரவூப் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

டீக்கடைப் பேச்சு மேலப்பாளையம் வரைக்கும் எட்டியது. ஜன்னதுல் பிர்தௌஸ் போன் போட்டு அழுதாள். உம்மா இப்படிக் கிடக்கையில் வாப்பாவுக்கு இப்படி ஒரு வண்டி கேட்குதா என்று கேட்டாள். ரவூப் காரணம் சொல்லவில்லை. உன் தாய்க்கு என்னை யாரென்று தெரியவில்லை என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். அவள் வந்தாள். சொந்த வீட்டு வாசலில் வாப்பா அந்நியராக நின்று குரல் கொடுத்ததையும், உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு முழம் தள்ளியே நடந்து போனதையும் பார்த்தாள். அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஊருக்குப் போகும்முன் அந்தச் சாய்மானக் கம்பிக்குப் பஞ்சு வைத்து ஒரு உறை தைத்து மாட்டிவிட்டுப் போனாள்.

பங்குனி மாதம் ஒருநாள் பௌசியா பையில்லாமல் வாசலுக்கு வந்தார்.

“நீங்க தப்பா நினைக்கக் கூடாது அண்ணாச்சி. இனிமே நான் வரலை. தினமும் ஒரு ஆம்பளை கூட வண்டியில போறது நல்லா இல்லை. அவியளுக்குத் தெரிஞ்சா மனசு வருத்தப்படுவாவ.”

“அவருதாம்மா என்னை அனுப்புனாரு.”

“அப்ப அதை அவிய வாயால எங்கிட்டச் சொல்லட்டும்.”

கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் ரவூப் என் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் வந்ததில்லை. உட்காரச் சொல்லி என் மனைவி காப்பி கொடுத்தாள். காப்பி ஆறும்வரை எல்லாவற்றையும் சொன்னார். நான் கேலி செய்த தண்ணீர்க்குடம் எனக்கு ஞாபகம் வந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்காகத்தான் சார் அவ என்னோட வர மாட்டேங்குதா என்றார்.

நாலைந்து நாள் அவர்கள் போகவில்லை. பௌசியா மறுபடியும் கதவில் முட்ட ஆரம்பித்தார். ஒருநாள் மத்தியானம், சரக்கு இறங்குவதால் வர நேரமாகும் என்று சொல்வதற்காக ரவூப் கடையிலிருந்து வெயிலுகந்தம்மாளின் செல்லுக்குப் போன் செய்தார். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடிப்பதைக் கேட்டுப் பௌசியா எடுத்துவிட்டார். ரவூப், அலோ என்றார்.

“மச்சானா?” என்றார் பௌசியா. “எங்க போயிட்டிய? எத்தனை நாளாச்சு!”

முகம்தான் மாறியிருந்தது, குரல் மாறவில்லை. வெள்ளைத் தாடி கண்ணில் படாத போனில் அந்தக் குரல் மட்டும்தான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து ரவூப் தன் மனைவி தன்னை மச்சான் என்று கூப்பிட்டதைக் கேட்டார். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். சரக்கு விஷயமாக அலைகிறேன், வந்துவிடுவேன் என்று எப்படியோ சொன்னார். கடை ஆள் ஒருவரை அனுப்புகிறேன், தாராளமாக அவரோடு வண்டியில் போய்விட்டு வா, எனக்கு வருத்தமில்லை என்றார். சரி மச்சான் என்றார் பௌசியா.

அப்புறம் தினமும் நாலு மணிக்குப் புருஷனாகப் போன் செய்வார். நாலரைக்குக் கடை ஆளாக வாசலில் போய் நிற்பார். போனில் எப்ப வாரீய என்று கேட்பார் பௌசியா. வாரேன், வந்துக்கிட்டே இருக்கேன் என்பார் இவர். இப்படி நாலைந்து மாதம் போனது. பௌசியாவுடைய கடைசி நல்ல காலம் அதுதான் என்று ரவூப் சொல்வார்.

ஆவணியில் ஒருநாள் போனில் பௌசியா சொன்னார்.

“மச்சான், நீங்க அனுப்புத அந்தப் பெரியவரு பாவம். சட்டையில பொத்தான் இல்லை. பாத்துக்கிட ஆள் இல்லை போல. ஒருநாள் கூப்பிட்டுச் சோறு போடட்டுமா?”

போடு என்றார் ரவூப்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, தன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். சமைத்தது வெயிலுகந்தம்மாள். பாய் விரித்து இவரை உட்கார வைத்தார்கள். பௌசியா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் வை, குழம்பு ஊத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுல யாரு இருக்கா அண்ணாச்சி?” என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“வீட்டுக்காரி இருக்காம்மா. அவளுக்கு உடம்புக்கு முடியலை.”

“என்ன செய்யுது?”

“எல்லாம் மறந்து போகுதும்மா.”

திரை லேசாக அசைந்தது.

“கவலைப்படாதீங்க” என்றார் பௌசியா. “நல்லாயிருவாவ. நான் அவியளுக்காக துஆ செய்யுதேன்.”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் வண்டியில் போவது நின்றது. மழை விட்ட பிறகு பௌசியாவால் ஏறி உட்கார முடியவில்லை. கால் தூக்க வரவில்லை. நாலு மணிக்குப் போன் வரும், வெயிலுகந்தம்மாள் காதில் வைப்பாள், மச்சான் என்று ஒரு வார்த்தை வரும். பிறகு அதுவும் வரவில்லை. குரலும் அழிந்துவிட்டது. ரவூப் பேசிக்கொண்டே இருப்பார், மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். கார்த்திகை கடைசியில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார். ஐம்பத்தாறு வயது.

ஜனாஸாவுக்கு எங்கள் வண்டிக்காரர்கள் எல்லோரும் போயிருந்தோம். டீக்கடையில் பேசியவர்களும் வந்திருந்தார்கள். ரவூப் அழவில்லை. அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து வந்தபின் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்த மூணு நாளும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். ரெண்டு வருசத்துக்கப்புறம் இப்பதான் தொடுதேன். கண்ணு முழிச்சா யாரு இந்த ஆளுன்னு பயந்துருவாளோன்னு, வாசல்ல நர்சு வர சத்தம் கேட்டாக்கூட விட்டுருவேன்.”

மகள் தன்னோடு வரச் சொன்னாள். மேலப்பாளையத்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மார்கழியில் மக்காச்சோளம் அறுப்பு தொடங்கி, சாக்கு கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். சில சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வருகிறார். பேசாத மனிதர் என்று பெயர் எடுத்தவர், இப்போது பௌசியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. பெரும்பாலும் எனக்கு முன்பே சொன்னவைதான். நானும் என் மனைவியும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்போம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பாள் என் மனைவி. சில நாள் சரி என்பார், சில நாள் கடையைப் பூட்டவில்லை என்று சொல்லி எழுந்துவிடுவார்.